மஞ்சுளா அக்காவின் கார் ஏன் கிளம்பவில்லை

1

போன சனிக்கிழமை சாயங்காலம் நானும் என் மகளும் சமையலறையில் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறதாவா! சூளகிரியில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது ஐயா! ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சூளகிரி எங்கே இருக்கிறது என்று ஆரம்பித்து, கொத்தமல்லிக் கட்டு, ஆயுத பூஜை, மாமாவின் கம்பெனி என்று போனால் பொழுது விடிந்துவிடும். "குடும்ப விஷயம், நல்ல விஷயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குப் பாதி விளக்கம் தேவைப்படாது.

நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில். பால் பவுடர் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதற்கு முன்னால் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். மத்திகிரியில் வாடகை வீடு, டவுன் பஸ், ஷிஃப்ட், ஓவர்டைம் என்று ஓடிய காலம் அது. என் மகள் மேகாவுக்கு நான்கு வயதானபோது கணவரின் வேலைக்காக இங்கே வந்தோம். இப்போது அவளுக்குப் பதினாறு. ஊர் போன் வந்தால் அவள் அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கேட்டால் படிக்கிறேன் என்பாள். என்ன படிப்போ!

அக்கா மஞ்சுளா சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். கொஞ்சம் நிலம், அதில் கொத்தமல்லி, புதினா, தக்காளி. அவள் கணவர் முனிராஜ், என் மாமா, ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். வாராவாரம் சனிக்கிழமை அக்காவுடன் வீடியோ காலில் பேசுவது என் வழக்கம். இங்கே சாயங்காலம், அங்கே காலை. பேசி முடித்து "வைக்கட்டுமாக்கா?" என்றால், "இருடி, இன்னும் ஒன்னே ஒன்னு" என்பாள். அந்த ஒன்று முடிந்து இன்னொன்று வரும். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட தானாகப் போனை வைத்ததில்லை. ஒவ்வொரு வாரமும் நான்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்குவேன். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

2

கார் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு வாழ்க்கை முழுக்க மாமாவின் பைக்தான் வண்டி. அதில் பின்னால் உட்கார்ந்து, மடியில் கொத்தமல்லிக் கட்டு, காலடியில் புதினாக் கட்டு. மாமா ஷிஃப்ட் மாறுகிற வாரம் எல்லாம் தலைகீழாகிவிடும். அவர் தூங்கி எழுந்தால்தான் இவள் மார்க்கெட் போகலாம். அதற்குள் தழை வாடிவிடும், வாங்க வந்தவன் உதட்டைப் பிதுக்குவான். மினி வேன்காரனைக் கூப்பிட்டால் அவன் இஷ்டத்துக்குத்தான் வருவான். பாரூரில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்க வேண்டும் என்றால்கூட மாமாவின் வாரலீவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு முதுகு வலிக்கும். ஒரு நாள் கொத்தமல்லியை வரப்பில் போட்டுவிட்டு, "நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்று அறிவித்தாள். நாற்பத்து நாலு வயது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கதை தனி. ஆதாரில் மஞ்சுளா, ரேஷன் கார்டில் மஞ்சுளம்மா. கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கி வரச் சொன்னாராம். "காலைல மஞ்சுளா, சாயங்காலம் மஞ்சுளம்மாவா மாறிடுவனா சார்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். அதற்காகவே இன்னொரு முறை அலையவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை, ஏனென்றால் என் கதை அதைவிட மோசம். இங்கே கடைசிப் பெயர் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். லைசென்ஸ் ஆபீசில் "மிஸ் கோவிந்தப்பா!" என்று கூப்பிட்டபோது, அப்பா எங்கே இங்கே வந்தார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். போதாக்குறைக்கு, முதல் டெஸ்டில் ரவுண்டானாவில் முன்னால் நின்ற வண்டியைப் பார்த்து ஹாரன் அடித்துத் தொலைத்தேன். ஓசூர் பழக்கம்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் குனிந்து எழுதிக்கொண்டார். அந்தத் தடவை ஃபெயில்.

அக்கா ஒரே தடவையில் பாஸ். கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய வெள்ளைக் காரை வாங்கினாள். பெட்ரோல் வண்டி, வயசு பதிமூன்று இருக்கும், கதவில் ஒரு ஒடுக்கு. பின் சீட்டில் கோணியை விரித்துக் கட்டுகளை அடுக்கி, விடிகிற நேரத்தில் மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போவாள். முதல் வாரம் போனில் அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நெனச்சா கெளம்பறேன்டி சுதா. யாரையும் கேக்கறதில்ல. நெனச்சா கெளம்பறேன்!" அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்தக் கார் ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரத்தில் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. பின்னால் முழுக்கக் கொத்தமல்லி, இரண்டு பக்கமும் லாரி. மாமா வேலையை விட்டு ஓடிவந்து, டிராக்டரில் கட்டி இழுத்து வீட்டில் சேர்த்தார். மெக்கானிக் வந்து பார்த்து, "அதுவா இருக்கலாம், இதுவா இருக்கலாம், வண்டிய வுட்டுட்டுப் போங்க, பாக்கலாம்" என்றாராம். மாமா வண்டியை அவரிடம் விடவில்லை. விற்றுவிடலாம் என்று முடிவு கட்டி, கூட வேலை செய்கிறவர் மூலம் ஆனேக்கல் பக்கத்தில் ஒரு ஆளையும் பிடித்துவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை போன் எடுத்தபோதுதான் தெரிந்தது.

3

திரையில் முதலில் தெரிந்தது அக்காவின் முகம் இல்லை, திறந்து கிடந்த பானட். அப்புறம் முகம் வந்தது. அழுது துடைத்த முகம்.

"சுதா, வண்டியக் கொண்டு போறாங்கடி. வாங்கறவரு சூளகிரில பஸ் எறங்கிட்டாராம். இப்ப வந்துருவாரு."

"எந்த வண்டி? எதுக்கு?"

பின்னாலிருந்து மாமாவின் குரல். "பழைய வண்டி, நின்னுச்சு, போவுது, வுடு பாப்பா. இனிமே நானே கொண்டு போய் வுடறேன்னு சொல்லிட்டேன்."

"நீங்க வுடற லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

எனக்கு வந்ததே கோபம்! அடுப்பை அணைத்துவிட்டு, போனை டப்பாவில் சாய்த்து வைத்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மாமா, ஏன் நின்னுச்சுன்னு பாத்தீங்களா?"

"பேட்டரி."

"எப்படித் தெரியும்?"

"ஸ்டார்ட் ஆவல. அப்ப பேட்டரிதானே?"

"ஒய்-ஒய் கிளாஸ் எடுக்கற மனுஷன் பேசற பேச்சா மாமா இது?"

இந்த இடத்தில் ஓசூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஃபேக்டரிகளில் ஒரு உருப்படி கெட்டுப்போனால் ஏன் என்று கேட்பார்கள். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன். அதற்கும் ஏன். ஐந்து தடவை ஏன் கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பதற்குப் பெயர் ஒய்-ஒய். மாமா தன் கம்பெனியில் புதுசாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற ஆள். அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் சும்மா சொல்ல மாட்டார். "ஏன் உப்பு அதிகம்? ரெண்டு தடவ போட்டே. ஏன் ரெண்டு தடவ போட்டே?" என்று ஆரம்பிப்பார். கடைசியில் மூல காரணம் அக்கா என் கூடப் போனில் பேசியது என்று கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவர் காருக்கு ஒரு ஏன்கூடக் கேட்காமல் ஆள் பிடித்திருக்கிறார்!

மாமாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். பானட் பக்கம் வந்து நின்றார்.

"அக்கா, சாவியப் போட்டுத் திருப்பு. செல்ஃப் எடுக்குதா பாக்கலாம்."

திருப்பினாள். கிர்ர் கிர்ர் கிர்ர் என்று இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றியது. பற்றிக்கொள்ளவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஹாரன் அலறியது.

"பேட்டரி போயிருந்தா இப்படிச் சுத்துமா மாமா?"

"சரி, பேட்டரி இல்ல" என்றார், விருப்பமே இல்லாமல். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். எனக்குள்ளும் ஏதோ சூடு பிடித்துவிட்டது. இந்தக் காரை இன்றைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது!

4

எனக்கு இந்தக் காரியம் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. போன குளிர்காலத்தில் என் பழைய கார் சூப்பர் மார்க்கெட் வாசலில் இதே மாதிரி மக்கர் செய்தது. உதவிக்கு வந்த ஆளிடம் நான் நம் ஊர் இங்கிலீஷில், "செல்ஃப் எடுக்குது, ஆனா வண்டி ரிப்பேர்" என்றேன். அவர் குழம்பிப்போனார். செல்ஃப் என்றால் நமக்கு ஸ்டார்ட்டர், இவர்களுக்குத் 'தான்'. ரிப்பேர் என்றால் சரி செய்தாகிவிட்டது. "சரி செய்தாயிற்று என்றால் என்னை ஏன் அழைத்தீர்கள்?" என்று கேட்டார். மேகா வெட்கத்தில் ஜாக்கெட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். இருந்தாலும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்ததை நாங்கள் இரண்டு பேரும் விழுங்கிவிடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றோம். குளிரில் வேறு என்ன செய்வது?

அக்காவிடம் அடுத்ததைக் கேட்டேன். "பெட்ரோல் இருக்குதா?"

"பாதி டேங்க் இருக்குது. அது பொய் சொல்லுதோன்னு இவரு ரெண்டு லிட்டர் ஊத்தியும் பாத்துட்டாரு."

"அப்ப டேங்க்ல இருக்குது, இன்ஜினுக்கு வருதான்னு தெரியணும். சாவிய முழுசாத் திருப்பாத. ஒரு சுத்து மட்டும். அப்ப பின்னாடி ஒரு சத்தம் வரும், ரெண்டு செகண்டுதான். அது வருதா?"

"என்னா சத்தம்?"

அதை எப்படிச் சொல்வது? முனகல் என்றேன். ரீங்காரம் என்றேன். அக்கா விழித்தாள். அப்போது என் பின்னாலிருந்து வந்தது: "ம்ம்ம்ம்ம்ம்." சின்னதாக, அடித்தொண்டையில், இரண்டு செகண்டு, பட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் மேகா! அறைக் கதவு திறந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"ஆமாடி கண்ணு!" என்று அக்கா குதித்தாள். "அந்தச் சத்தம்தான்! தெனமும் வரும்! நான் அத ஒரு நாளும் கவனிச்சதே இல்ல!"

"இப்ப வருதா பெரியம்மா?" என்று மேகா தமிழில் கேட்டாள். தமிழில்! நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் ஓடிவிடுவாளோ என்று பயம்.

ஆனால் கேட்பதற்கு அமைதி வேண்டுமே. நெடுஞ்சாலையில் லாரிகள், தோட்டத்தில் போர் மோட்டார். அக்கா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். அதே நேரத்தில் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. வாங்க வந்தவர் வந்தேவிட்டார். பெயர் நஞ்சுண்டப்பா.

மாமா அவரை உட்காரச் சொல்லி நாற்காலி எடுக்கப் போனார். அவர் உட்காரவில்லை. "ஏனாயித்து?" என்று கேட்டுக்கொண்டே நேராகக் காருக்கு வந்துவிட்டார். கன்னடத்தில், என்ன ஆயிற்று என்கிறார். பானட் திறந்திருந்தால் நம் ஆண்களால் சும்மா உட்கார முடியுமா? விஷயத்தைச் சொன்னதும் பின் கதவைத் திறந்து, சீட்டில் காதை வைத்துக்கொண்டு, "திருப்புங்க அக்கா" என்றார்.

அக்கா சாவியைத் திருப்பினாள். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

"ஏனூ இல்ல" என்றார் நஞ்சுண்டப்பா.

ஒன்றும் இல்லை. பெட்ரோலை இழுத்து இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப் ஓடவில்லை. நான் கையைத் தட்டினேன். பாதி வழி வந்துவிட்டோம்!

5

பம்ப் ஓடவில்லை என்றால் ஒன்று பம்பே போயிருக்க வேண்டும், இல்லை கரண்ட் வரவில்லை. மாமா இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். யாரும் கேட்காமலே ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தது. பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ரிலே என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பம்புக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. "ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க மாமா" என்றேன்.

"எனக்கே சொல்றியா?" என்று முறைத்துக்கொண்டே மாற்றினார். ஹாரன் அடித்தது. பம்ப் ஓடவில்லை.

"அப்ப ரிலேவும் நல்லாத்தான் இருக்குது" என்றார் மாமா. அவர் குரலே மாறிவிட்டிருந்தது. ஃபேக்டரியில் லைன் நின்றால் வருகிற குரல் அது. "இங்க வரைக்கும் கரண்ட் இருக்குது. அங்க போய்ச் சேரல. நடுவுல எங்கயோ போச்சு."

மேகா அதற்குள் தன் போனில் அந்த மாடல் காரைத் தேடி எடுத்துவிட்டாள். பம்ப் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று என்னிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என் தோள் மேல் தலையை நீட்டிக் கத்தினாள். "பெரியப்பா! பின்னாடி சீட்... நீ தூக்கு!"

நீ தூக்கு! பெரியப்பாவை! எனக்கு மானம் போயிற்று. நஞ்சுண்டப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமா என்ன செய்தார் தெரியுமா? "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினார்.

கோணியை உருவி எறிந்து, சீட்டின் முன் விளிம்பில் இரண்டு பேரும் கை கொடுத்து ஒரு இழு இழுத்தார்கள். டக், டக் என்று கொக்கி விட்டது. சீட் மேலே வந்தது.

அக்கா போனைக் கிட்டே கொண்டு போனாள். முதலில் எனக்குப் புரியவில்லை. வெள்ளை வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. அப்புறம் தெரிந்தது.

பொரி.

பொரி, பொட்டுக்கடலை, நான்கைந்து தேங்காய்த் துண்டு, கடித்துக் குதறிய ஒரு பிளாஸ்டிக் கவர், சுற்றிலும் எலிப் புழுக்கை. கொத்தமல்லி வாசத்துக்கு நடுவில் அது ஒரு குடித்தனமே நடத்தியிருக்கிறது! பம்புக்குப் போகிற ஒயர் அங்கேதான் ஓடியது. அதன் ரப்பர் ஒரு விரல் நீளத்துக்குக் காணவே காணோம். உள்ளே இருந்த செம்புக் கம்பி ஒன்று அறுந்து, இன்னொன்று நூலில் தொங்கியது.

"இலி!" என்றார் நஞ்சுண்டப்பா. கன்னடத்தில் எலிதான். எந்த பாஷையிலும் அந்தப் பிறவி அதே வேலையைத்தான் செய்கிறது.

"மொதல்ல பேட்டரி கம்பியக் கழட்டுங்க. கதவெல்லாம் தொறந்து வைங்க. பெட்ரோல் வாசம் வருதா பாருங்க" என்று நான் இங்கிருந்து அலறினேன். வாசம் இல்லை. மாமா பொரியைக் கூட்டித் தள்ளி, கம்பியைச் சீவி, அளவாக ஒரு துண்டு ஒயர் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றினார். மறுபடி பேட்டரி கம்பியை மாட்டினார். நேர்த்தியான வேலை. அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

"மஞ்சு, திருப்பு."

அக்கா உட்கார்ந்தாள். சாமி கும்பிட்டாள். ஒரு சுற்று திருப்பினாள்.

ம்ம்ம்ம்ம்ம்.

மேகா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. அக்கா முழுசாகத் திருப்பினாள். கிர்ர் கிர்ர் என்று இரண்டே சுற்று, பிடித்துக்கொண்டது! பின்னால் புகை ஒரு கொத்து வந்து அடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார் என்றேனே, அந்தக் கூச்சல் இப்போது போட்டதுதான்.

6

கொண்டாட்டம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

நஞ்சுண்டப்பா பானட்டில் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். "இன்ஜின் பேஷா இருக்குது முனிராஜு. ஓடாத வண்டின்னு நெனச்சு வந்தேன். ஓடற வண்டின்னா இன்னும் சந்தோஷம். நானே ஓட்டிட்டுப் போயிடறேன்."

ஐயோ! நாங்களே பாடுபட்டு வண்டியைச் சரி செய்து, சிங்காரித்து அனுப்பி வைக்கிறோமா? மாமா தலையைச் சொறிந்தார். "வாக்கு குடுத்துட்டேன் மஞ்சு. மனுஷன் அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கிறாரு."

அக்கா இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். இறங்கி வந்து மாமாவுக்கு நேராக நின்றாள். போன் பானட் மேல் சாய்ந்திருந்ததால் இரண்டு பேரும் எனக்கு நன்றாகத் தெரிந்தார்கள்.

"வண்டிய ஏன் விக்கணும்?"

"நடு ரோட்டுல நின்னுச்சு."

"ஏன் நின்னுச்சு?"

"பம்ப் ஓடல."

"ஏன் ஓடல?"

மாமாவுக்கு இது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பழகிய வாய். "ஒயர் அறுந்துச்சு."

"ஏன் அறுந்துச்சு?"

"எலி கடிச்சுது."

"ஏன் எலி வந்துச்சு?"

"பொரி இருந்துச்சு. ஆச்சு, அஞ்சு ஒய் முடிஞ்சுது. மூல காரணம் பொரி."

"இன்னும் ஒன்னே ஒன்னு" என்றாள் அக்கா. கூட்டித் தள்ளிய பொரிக்கு நடுவில் கிடந்த கவரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். எலி கடித்தது போக மிச்சம் இருந்ததில் மாமாவின் கம்பெனிப் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. ஆயுத பூஜை அன்றைக்குப் பூஜை முடிந்து ஆளாளுக்குக் கம்பெனியில் கொடுக்கிற பொரிப் பை. "பூஜைக்கு வண்டிய எடுத்துட்டுப் போனது யாரு? பை கிழிஞ்சு பின்னாடி கொட்டினது யாரு? கோணிய மேல இழுத்து மூடிட்டு வந்து, கம்பெனில இந்த வருஷம் பொரியே குடுக்கலன்னு சொன்னது யாரு?"

மாமாவின் காது சிவந்துபோயிருந்தது.

அக்கா நஞ்சுண்டப்பா பக்கம் திரும்பினாள். "அண்ணா, மூல காரணம் வண்டி இல்ல. இவருதான். இவர வேணும்னா எடுத்துட்டுப் போறீங்களா?"

"பேட அக்கா, பேட!" என்று அவர் இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டவே வேண்டாமாம். "நம்ம மனேல, வீட்டுல, ஏற்கெனவே இப்படி ஒருத்தன் இருக்கான். நான்தான்!"

அவர் சிரித்ததில் மாமாவுக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, கவரை வாங்கிக் கசக்கிக்கொண்டே சொன்னார். "நீ லாரிங்களுக்கு நடுவுல தனியா நின்னுட்டிருந்தத பாத்தேன் மஞ்சு. ஈரக்கொல நடுங்கிடுச்சு எனக்கு. அதான் வித்துரலாம்னு."

"பயமா இருந்தா வண்டியச் சரி பண்ணுங்க. என்னை எறக்கி வுடாதீங்க."

நஞ்சுண்டப்பாதான் முடித்து வைத்தார். "வண்டி அக்காவுதே. நான் வேற பாத்துக்கறேன்." அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. காரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று பஸ்ஸில் வந்தவர். திரும்பிப் போக வண்டி இல்லை!

"ஏறுங்கண்ணா, ஓசூர் பஸ் ஸ்டாண்டுல வுடறேன்" என்றாள் அக்கா.

அவர் முன் சீட்டில் ஏறினார். துணைக்கு வருகிறேன் என்று மாமா பின் சீட்டை அமுக்கி மாட்டி அதில் ஏறி, விரலில் ஒட்டியிருந்த பொரியைத் தட்டினார். அக்கா போனை முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தக்காளி வயல், புதுசாக எழும்பும் ஃபேக்டரிச் சுவர், டீக்கடை எல்லாம் அவள் காதுக்குப் பின்னால் ஓடின. மேகா என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றாள். டிசம்பரில் நாம் ஊருக்குப் போனால் பெரியம்மா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார்களா, நீ பக்கத்தில் உட்கார்ந்தால் கத்துவாய் என்றாள். கேளேன் என்றேன்.

"பெரியம்மா," என்று ஆரம்பித்தாள்.

நெடுஞ்சாலை வந்துவிட்டது. அக்கா கண்ணாடியைப் பார்த்தாள், பின்னால் வருகிற லாரியைப் பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

"ஓட்டறப்ப பேசக்கூடாதுடி கண்ணு. வெச்சுடறேன்."

திரை கறுப்பாகிவிட்டது. மேகா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா தானாகப் போனை வைத்திருக்கிறாள்.